மூன்றில் வைத்த விசிறி

உத்தமபாளையத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கர்ணனைக் கேட்காத ஆள் இல்லை. சித்திரை மாதம் அந்த வெள்ளைக் காரின் கூரையில் தோசை ஊற்றலாம். திருப்பிப் போடத் தாமதித்தால் கருகிவிடும். தெருநாய் தன் நிழலுக்குள் தானே படுத்துக்கொள்ள இடம் தேடும் ஊர் அது. அங்கே ஒரு மனிதர், ஹீட்டர் விசிறி ஓடவில்லை என்று வருஷக்கணக்கில் வயர் வயராகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், அவர் மண்டைக்குள்ளும் ஒரு வயர் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் ஊர் சொல்லும். சொன்னது. கர்ணன் கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

அவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை அவர் கை படாத போஸ்ட் கிடையாது. அவர் இழுத்த கம்பியை எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து, மிச்சத்தில் பள்ளத்தாக்கு முழுவதற்கும் துணி காயப்போடக் கொடி கட்டலாம். இத்தனை வீடுகளில் மணி அடிக்க வைத்தவருடைய வீட்டில் மணி அடிப்பது வாரத்துக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் ஆனபின்.

மற்ற நாளில் அடித்தால் அது ராங் நம்பர். ராங் நம்பரையும் அவர் லேசில் விடமாட்டார். எந்த ஊர், அங்கே மழை உண்டா, வாழைத்தார் என்ன போகிறது என்று விசாரித்து விசாரித்துப் பேசியதில், கம்பத்துக்காரர் ஒருவர் வேறு வழியில்லாமல் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வரச் சொல்லிவிட்டார். கர்ணன் போனார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா எவர் என்று முகம் தெரியாததால், வெள்ளை வேட்டி கட்டியிருந்த அத்தனை பேரையும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பது மகள் மாரீஸ்வரி. மனைவி காலமானபின் அவருக்கு இருந்த ஒரே ஆள். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறையில், ஜீப்புகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் முத்துவீரனை அவளே பார்த்து முடிவு செய்துகொண்டாள். பிறகு வீட்டுக்கு வந்து, ஆனி மாதம் கல்யாணம், நீங்கள் இல்லாமல் எப்படி என்று கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வருகிறேன் என்று சொல்ல வீம்பு விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொந்து தேடினார், கிடைத்தது.

"ஆனி மாசம் மெட்டுல ஒரே மூட்டமா இருக்கும்த்தா. கண்ணாடி பூரா வேர்த்து முன்னால ஒண்ணும் தெரியாது. நம்ம கார்ல ஹீட்டர் விசிறி வேற ஓடல" என்றார்.

அன்றைக்கு விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மலையில் எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வைத்திருந்து விற்ற கார் அது. மூட்டத்தில் முன்கண்ணாடியைச் சூடான காற்றால் துடைப்பதற்கென்றே ஹீட்டரைப் பொன்னாகப் பேணியிருந்தார் அந்த மனிதர். கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. நடந்த அதே மாதம், சொன்னது காதில் விழுந்ததுபோல விசிறி நிஜமாகவே நின்றுபோயிற்று.

அதன்பின் பல மாதம் பேச்சில்லை. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தார். இரண்டு முனையிலும் மூச்சு மட்டும் போய் வந்தது. துறையில் இருந்திருந்தால், கம்பியில் காற்று ஏறியிருக்கிறது என்று எழுதி வைத்திருப்பார். கடைசியில் மகள்தான் கேட்டாள், விசிறி சரியாகிவிட்டதா என்று. இல்லை என்றார். பியூஸ் பார்த்தீர்களா என்றாள். அவ்வளவுதான், இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சின்ன விசிறியில் இவ்வளவு பேச இருக்கிறது என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. பியூஸில் ஒரு மழைக்காலம் போனது. சுவிட்சில் ஒரு கோடை போனது. மெதுவாக ஓடும் ஒன்று, இரண்டுக்கு மின்சாரம் ரெசிஸ்டன்ஸ் காயில் வழியாகப் போகும், மூன்றுக்கு நேராகப் போகும் என்பதை அவள் சொல்லி, அவர் கேட்டு, மறந்ததுபோல நடித்து மறுபடி சொல்லவைத்ததில் ஒரு வருஷமே போனது. அவள் பின்னால் ஒரு ஆண் குரல் முணுமுணுக்கும். அவள் அதை வாங்கி, "டெஸ்ட் லாம்ப வச்சுக் கரண்டு வருதான்னு பாக்கச் சொல்றாக" என்பாள். யார் சொல்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் பெயர் சொன்னதில்லை. சொல்கிறவரும் போனை வாங்கியதில்லை.

போடியிலிருந்து பூப்பாறைக்கு பஸ் ஓடுகிறது. காலையிலும் ஓடுகிறது, மாலையிலும் ஓடுகிறது. பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு எந்த விசிறியும் வேண்டாம். அந்த பஸ்ஸைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பைபாஸ் ரோட்டில் கடை வைத்திருந்த நாகராஜ் என்கிற எலெக்ட்ரீஷியன் காரை ஒரு பகல் முழுக்கப் பிரித்துப்போட்டான். மோட்டாரைத் தனியாகக் கழற்றி பேட்டரியில் நேராக வைத்தால் அது கல்யாண வீட்டு மிக்ஸி போல் ஓடியது. காரில் மாட்டினால் செத்த மாதிரி கிடந்தது. நாகராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, இது வண்டிக் கோளாறு இல்லை, குச்சனூர் போய் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டான். கர்ணன் விளக்கும் போட்டார். அதையும் ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னார். அவள் அன்றைக்குத்தான் அந்த வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

மகள் சொல்லச் சொல்ல உடனே தொட்டுப் பார்க்க வசதியாக, போன் வயரை ஜன்னல் வழியாக நீட்டி, வாசலில் நிற்கும் கார் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்த வயசிலும் ஜாயின்ட் போட்டது வெளியே தெரியாது. ஞாயிறு காலையில் குளித்து, சட்டை மாற்றி, ஊருக்குக் கிளம்புகிற ஆளாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொள்வார். பால் ஊற்ற வரும் மாயக்காள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, "அண்ணே, எம்புட்டுத் தூரம் போயிட்டீக? சின்னமனூரு தாண்டியாச்சா?" என்பாள். தாண்டியாச்சு, போடி வந்தாச்சு, இனிமேல் மலைதான் என்பார் அவர்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சேதி வைத்திருந்தார். ஹாரன் அடித்தபோது விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. இதைச் சொன்னதும் அந்த முனையில் முணுமுணுப்பு சத்தமாகவே கேட்டது. எர்த் விட்டிருக்கிறது, விசிறியிலிருந்து வரும் கறுப்பு வயரை வண்டித் தகரத்தில் எங்கே முறுக்கியிருக்கிறது என்று தேடி, துருவைச் சுரண்டச் சொல்கிறார்கள் என்றாள் மாரீஸ்வரி.

வெள்ளிக்கிழமை தேடினார். டேஷ்போர்டுக்கு அடியில் தலை, சீட்டில் முதுகு, கதவுக்கு வெளியே ஆகாயத்தைப் பார்த்து இரண்டு கால். பார்த்த மாயக்காள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, ஆள் போய்விட்டார் என்று தெரு ஜனத்தைக் கூப்பிடக் கிளம்பிவிட்டாள். கால் ஆடியதால் ஊர் தப்பித்தது. கறுப்பு வயரின் ஸ்க்ரூ அடியில் ஒரு மிளகளவு துரு. உப்புத்தாளால் தேய்த்தார். தகரம் பளபளத்தது. முறுக்கினார். சாவியைத் திருப்பி விசிறியை மூன்றில் வைத்தார். 

சுருளி அருவியே டேஷ்போர்டுக்குள் திறந்துகொண்டதுபோல ஒரு சத்தம். துவாரங்களிலிருந்து தூசும், காய்ந்த இலையும், மேனேஜர் காலத்து ஏலக்காய்த் தொலியும் பறந்துவந்து அவர் முகத்தில் அப்பின. மலை வாசம். "ஏய், ஓடுது! ஓடுதுடோய்!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். வீட்டில் யாரும் இல்லை. மாயக்காளும் அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். 

தொலியை ஒவ்வொன்றாக முகத்திலிருந்து எடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்பாள், சரியாகிவிட்டதா என்று. ஆமாம் என்று சொல்ல வேண்டும். சரிப்பா, நல்லது என்பாள். அதற்கு அப்புறம்? மேலே வாங்க என்று அவள் கூப்பிட்டால் கல்யாணத்தன்று போகாத முகத்தை எப்படி எடுத்துக்கொண்டு போவது? கூப்பிடாவிட்டால் அதைவிட மோசம். இத்தனை வருஷமாக இருவரும் பேசியது விசிறியைப் பற்றி மட்டும்தான். விசிறி ஓடிவிட்டால் போன் எதற்கு? 

வெள்ளி போய் சனி போனது. ராங் நம்பர்கூட ஒன்று வரவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் குளித்துச் சட்டை மாற்றி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மணி அடித்தது.

"எர்த் பாத்தீகளாப்பா?"

"பாத்தேன்த்தா. சுரண்டி முறுக்கியாச்சு. ஓடல."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. "ஓடாம இருக்காதே, அதான் கோளாறுன்னு சொல்றாக. இப்ப வண்டியிலதான இருக்கீக? சாவியத் திருப்பி மூணுல வைங்க பாப்போம்" என்றாள்.

வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அது. போஸ்ட் உச்சியில் தொங்கிக்கொண்டு, காதில் டெஸ்ட் போனை வைத்து, எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் எந்த வயரைத் தொடு என்கிறாரோ அதைத் தொடுவது. ஏன் எதற்கு என்று கேட்கிற கை போஸ்ட்டிலிருந்து கீழே விழும். காது கேட்டது, கை போய்ச் சாவியைத் திருப்பி மூன்றில் வைத்தது. புத்தி மட்டும் பின்னாலேயே ஓடிவந்து சேருவதற்குள் சுருளி அருவி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு மேலே, தொண்டை நரம்பு புடைக்க, கர்ணன் சொன்னார்:

"ஓடலத்தா!"



போன் மௌனத்தில் எத்தனை வகை உண்டு என்று கர்ணனுக்குத் தெரியும். கம்பி அறுந்த மௌனம் மொட்டையாக இருக்கும். ரிசீவரை வைத்துவிட்ட மௌனம் முடிவில் ஒரு விக்கல் விக்கும். இது இரண்டும் இல்லை; உள்ளங்கையால் வாயை மூடிய மௌனம். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். விசிறியை அணைக்கலாம் என்று கை எழுந்தது. அணைத்தால் ஓடியது என்று ஆகிவிடும். அப்படியே இருந்தார். சூடில்லாத காற்று சட்டைப் பொத்தானைப் படபடவென்று அடித்தது. வியர்த்தது.

உள்ளங்கை விலகியது. 

"மாமா, நான் முத்துவீரன் பேசுறேன்."

பள்ளத்தாக்கு முழுக்க ஹலோ சொல்லக் கற்றுக்கொடுத்த மனிதர், ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மூணுல வச்சும் ஓடலையா மாமா?" என்று அந்தக் குரல் கேட்டது. விசிறியின் இரைச்சலில் அவன் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஓடல மாப்ள" என்றார். அவரும் கத்தித்தான் சொன்னார்.

"அப்ப அது பெரிய வேலை. போன்ல சொல்லித் தீராது. புதன்கெழமை சாமான் எடுக்கப் போடிக்கு எறங்குறேன். அப்படியே அங்கன வந்து பாத்துர்றேன். அவளும் வர்றேங்கிறா."

"ஒரு பகல்ல முடிஞ்சிருமா?"

முத்துவீரன் கொஞ்சம் யோசித்தான். "பாத்தாத்தான் மாமா தெரியும். ராத்திரி தங்குற மாதிரி ஆனாலும் ஆகும்."

போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் காரை விட்டு இறங்கவில்லை. பிறகு உள்ளே போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார். புதன்கிழமைக்குள் ஒரு கோளாறு வேண்டும். பெரிய வேலை என்று மாப்பிள்ளையே சொல்லியாகிவிட்டது. பியூஸைப் பிடுங்கினால் செருப்பைக் கழற்றுமுன் கண்டுபிடித்துவிடுவான். எர்த்தைத் தளர்த்தினால் காபி ஆறாது. சுவிட்சுக்குப் பின்னால் கம்பியைக் கழற்றினால் மதியச் சாப்பாடு வரை தாங்கும். ராத்திரி தங்க வேண்டும் என்றால் வயரை வெட்டத்தான் வேண்டும், அதுவும் உள்ளே, கைக்கு எட்டாத இடத்தில். 

பிளேயரின் வாயை வயரில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். போஸ்ட் போஸ்ட்டாக ஏறி அறுந்ததை எல்லாம் சேர்த்தே பழகிய கை. வேண்டுமென்று ஒரு வயரை அது வெட்டியதில்லை. மதியமும் ஆயிற்று. சோறு வைக்கத் தோன்றவில்லை. விசிறி அவர் முகத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளாகச் சத்தமே இல்லாத வீட்டில் ஒரு சத்தம். அதை அணைக்க மனம் வரவில்லை. 

வெயில் தாழ்ந்து, மாயக்காள் சாயங்காலப் பாலோடு வந்தபோது சத்தம் இளைத்திருந்தது. அருவி ஓடையாகி, ஓடை சொட்டாகி, கடைசியில் விசிறி ஒரு பெருமூச்சோடு நின்றது. கர்ணன் சாவியைத் திருப்பிப் பார்த்தார். டேஷ்போர்டு விளக்குக்கூட எரியவில்லை. ஹாரனை அழுத்தினார், வாயே திறக்கவில்லை.

"என்னண்ணே, வண்டி ஓடலையா?" என்றாள் மாயக்காள்.

"ஓடல" என்றார். இந்த முறை அது நிஜம். பேட்டரி முழுசாக இறங்கிப்போயிருந்தது.

பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை பால் மூன்று பேருக்கு வேண்டும், மறுநாள் காலைக்கும் சேர்த்து என்றார். இறங்கிய பேட்டரி சார்ஜ் ஏற ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அது மலை மேல் இருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும்.