போனோம்

எல்டன் சவப்பெட்டியின் அருகே, இரவல் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். இறந்த லூமிரின் தம்பி. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். பாதிரியார் தலையசைத்ததும் தொடங்கினான்.

"ஒரு தடவ நானும் எங்கண்ணனும் பிளாட் ஆத்துக்கு மீன் புடிக்கப் போனேன்..."

"போனோம்," என்றாள் முதல் வரிசையில் இருந்த வெர்னா.

லூமிரின் மனைவி அவள். அந்த நெப்ராஸ்கா ஊரில் பாதிப் பேருக்கு எட்டாம் வகுப்பில் ஆங்கில இலக்கணம் நடத்தியவள். வாக்கியத்துக்குக் கோடு போட்டு, எழுவாயை இடப்பக்கமும் பயனிலையை வலப்பக்கமும் பிரித்து, சொற்றொடர்களைக் கிளைகிளையாகக் கீழே எழுத வேண்டும். தப்பானால் அழித்துவிட்டு மறுபடியும். அவள் வகுப்பில் படித்த எல்டனுக்கும் கொழுந்தன் என்று சலுகை காட்டியதில்லை. ஒரு மதியம் முழுக்க அவனைக் கரும்பலகையோடு நிறுத்தியிருக்கிறாள்.

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கே கேட்டது. யாரோ இருமினார்கள். எல்டன் கழுத்துவரை சிவந்துபோனான்.

"அவ்வளவுதான்," என்று உட்கார்ந்துவிட்டான்.

அடக்கம் முடிந்து, கோயிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. எல்டன் மட்டும் இல்லை. வெர்னா அவன் மனைவி ஜோலினிடம் போனாள்.

"ஜோலின், நான் வேணும்னு சொல்லல..."

"தெரியும்க்கா. உங்களுக்கு அது பழக்கம்." ஜோலின் நிமிராமல் தட்டுகளை அடுக்கினாள். "ரெண்டு நாளா கொட்டகையில மாடுங்க முன்னால சொல்லிச் சொல்லிப் பாத்தாரு."

வெர்னா ஒரு தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு பின்படி ஏறினாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே எல்டனின் குரல்.

"...படகு இந்தப் பக்கம் சாயுது, அண்ணன் அந்தப் பக்கம் சாயறான். கால்சட்டை போச்சு, மீனு போகல! அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நடு ஆத்துல நின்னு, 'டேய், வெர்னாகிட்ட மட்டும் சொல்லிடாத'ங்கறான்!"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லூமிர் இதை அவளிடம் சொன்னதேயில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் தள்ளினாள்.

சிரிப்பு நின்றது. வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்த எல்டன் எழுந்து, சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"அப்புறம் என்னாச்சு, எல்டன்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா."

அவள் தட்டை நீட்டினாள். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அவள் உள்ளே போகட்டும் என்று, சாப்பிடாமல், அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.