ஏறாத ஈக்கள்

"உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி இது" என்று துறைக் கூட்டத்தில் ஆரம்பித்தார் பேராசிரியர். கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தட்டினால் எந்தப் பழ ஈயும் மேலே ஏறும். இவருடைய ஈக்கள் ஏறுவதில்லை. நரம்பு கால் தசைக்குப் போய்ச் சேராத புது வகையாம். அவருடைய ஆய்வு மாணவியின் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. ஆய்வகத்தில் எப்போதும் ஏசிக்கு நேர் கீழே இருந்த ஈக் குழாயை எடுத்து வந்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனது.

"இப்போ தட்டிக் காட்டும்மா."

தட்டினாள். அத்தனையும் விறுவிறுவென்று மூடிவரை ஏறின.

"என்னம்மா இது?"

"இவ்வளவு நாளும் குளிர்ல விறைச்சுக் கிடந்திருக்கு சார். என் கைச்சூட்டுல தெளிஞ்சிடுச்சு. நீங்க சுருக்கமா பேசியிருந்தா நான் டாக்டராகியிருப்பேன்."

அவை சாதாரண ஈக்கள்.