ஊருக்குப் போனவர்கள்

வெயில் ஏறிவிட்டால் கூரைத் தகரம் காய்ந்து ஷெட்டுக்குள் நிற்க முடியாது. அதனால் விடியும்போதே வேலை தொடங்கிவிடும். மரியசெல்வம் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முதல் பொதியின் இரும்புப் பட்டையை வெட்டினான். அமுக்கிக் கட்டியிருந்த கழிவுப் பஞ்சு பொருமி மேலெழுந்தது. நூற்பாலைகள் கூட்டித் தள்ளிய பஞ்சு அது. விதைத் தூளும் இலைச் சருகும் எண்ணெய்ப் பிசுக்கும் எலிப் புழுக்கையும் அதில் கலந்து கிடக்கும். அள்ளி மெஷினின் வாயில் திணித்தால் உள்ளே முள் உருளை அடித்துப் பிரிக்கும். நல்ல பஞ்சு முன்பக்கம் விழும். மற்றதெல்லாம் காற்றில் நிற்கும்.

எதிர்ச் சுவரோரம் கமர்ஜஹானும் முனீஸ்வரியும் விழுந்த பஞ்சைத் தரம் பிரித்தார்கள். அழகர் அதைச் சாக்கில் போட்டு மிதித்தான். நான்கு பேருடைய புருவமும் நரைத்தது போலிருந்தது. மெஷின் ஓடும்போது பேச முடியாது. பக்கத்திலேயே நின்றாலும் அவரவர் தனித்தனியாகத்தான் வேலை செய்தார்கள்.

அன்று திங்கட்கிழமை. ஞாயிறு விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமைதான் நெஞ்சு அதிகமாக அடைக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன் வந்தால் மறந்தே போகும். ஏன் அப்படி என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. முதலாளி ஆவுடையப்பன் மட்டும் ஒரு காரணம் வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம ஊத்துனது திங்கக்கெழம இழுக்குது."

ஆவுடையப்பன் கெட்ட வார்த்தை பேசுகிறவர் அல்ல. ஒருவனுக்கு இருமல் முற்றிவிட்டால் அவரே பஸ் செலவுக்குக் கொடுத்து, ஒரு பையில் பழமும் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார். பொன்னழகு பாலசமுத்திரத்துக்குப் போனான். முனீஸ்வரியின் கணவன் கருப்பணன் நெய்க்காரப்பட்டிக்குப் போனான். அப்படிப் போன யாரும் திரும்பியதில்லை. ஆனாலும் ஷெட்டில் ஒருவரும் அவர்கள் செத்துவிட்டதாகச் சொல்வதில்லை. "ஊருக்குப் போயிட்டான்" என்பார்கள். கருமாதி முடிந்து, நெற்றியில் பொட்டில்லாமல் வந்து மறுபடி பஞ்சு பிரிக்க உட்கார்ந்த முனீஸ்வரியும் அப்படியே சொன்னாள்: "அவுக ஊருக்குப் போயிட்டாக."

மரியசெல்வத்துக்குப் போக ஊர் கிடையாது. சர்ச் சாமியார்கள் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். பேகம்பூர்ச் சந்து ஒன்றில் ஒற்றை அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவன் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொள்வான். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும்.

முந்தின நாளும் அப்படித்தான் போனான். திண்டுக்கல் புது மாவட்டமாகி ஒரு வருஷம் ஆனதற்காகப் பக்கத்தில் பந்தல் போட்டு சுகாதாரக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஒரு பலகையில் சிவப்புக் கோடு ஒன்று இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் இறங்கி வந்தது. சாவு குறைந்துகொண்டே வருகிறது என்று அங்கிருந்த இளம் நர்சு விளக்கினாள். கேட்பதற்கு அவன் ஒருவன்தான் நின்றான்.

"சிஸ்டர், இங்க வேல பாத்து, சொகமில்லாம ஊருக்குப் போயிச் செத்தா, அது இந்தக் கோட்டுல வருமா?"

அவள் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அந்த ஊர்ல யாராச்சும் போய்ச் சொன்னா சாவு கணக்குல வரும். ஆனா இளைப்புன்னுதான் எழுதுவாங்க. என்ன வேல பாத்தாரு, எதுனால வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கயே ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தானேண்ணே எங்களுக்குத் தெரியும்?"

அவள் அண்ணே என்று கூப்பிட்டது அறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அவன் காதில் இருந்தது.

திங்கட்கிழமை காலை இரண்டாவது பொதியைப் பிரிக்கும்போது மரியசெல்வத்துக்கு மூச்சு உள்ளே போகவில்லை. குனிந்தவன் அப்படியே பஞ்சின்மேல் சாய்ந்தான். அழகர் சாக்கிலிருந்து குதித்து ஓடிவந்து அவனை வெளியே இழுத்தான். கமர்ஜஹான் முகத்தில் தண்ணீர் அடித்தாள். அதே நேரம் ஆவுடையப்பனின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்னப்பா செல்வம், நேத்து கொஞ்சம் ஜாஸ்தியா?"

"நான் குடிக்கிறதில்ல மொதலாளி." ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"எல்லாரும் இதத்தான்யா சொல்றாங்க."

கமர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "எனக்குந்தான் காலையிலருந்து நெஞ்சடைக்குது. நான் எந்தக் கடையில ஊத்துனேன் மொதலாளி? கடையச் சொல்லுங்க, மிச்சம் இருந்தா போயிக் குடிச்சிட்டு வாரேன்."

அழகர் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிட்டது.

"வெளாட்டா இருக்கா ஒங்களுக்கு? என் ஷெட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒரு சாவு உண்டா? சொல்லுங்க!"

அவர் சொன்னது உண்மைதான். ஆவுடையப்பன் குரலைத் தணித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ரூபாயை எடுத்தார். "இந்தா செல்வம். ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடு. தேறி வா."

"எந்த ஊருக்கு மொதலாளி?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"ஒன் ஊருக்குத்தான்யா."

"எனக்கு ஊரு இல்லையே."

நீட்டிய கை அப்படியே நின்றது. இந்த மாதிரி ஓர் ஆளை அவர் இதுவரை அனுப்பியதில்லை. "அப்ப எங்கிட்டாச்சும் போ. இங்க வச்சுக்கிற முடியாது."

முனீஸ்வரி பஞ்சு படிந்த கையைச் சேலையில் துடைத்தபடி முன்னால் வந்தாள். முதலாளியின் எதிரில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு ஊரு இருந்துச்சு மொதலாளி. நீங்க குடுத்த காசுலதான் பழனி பஸ் ஏறுனோம். எம் மடியில தலை வச்சுப் படுத்திருந்தாக. ஒட்டன்சத்திரம் தாண்டுனதும் பேச்சு நின்னு போச்சு. எறக்கி விட்ருவாகன்னு நான் அழக்கூட இல்ல. முந்தானையப் போத்தி, தூங்குறாகன்னு சொல்லிக் கொண்டுபோனேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவுக ஊருக்குப் போகவே இல்ல. செத்துட்டாக. இந்தப் பஞ்சாலதான் செத்துட்டாக."

செத்துட்டாக என்ற சொல் அந்த ஷெட்டில் முதல்முறையாகச் சொல்லப்பட்டது. அழகர் உள்ளே போய் சுவிட்சை அணைத்தான். மெஷின் முனகி ஓய்ந்தது. பஞ்சுத் தூசி மெல்ல இறங்குவதை அவர்கள் பார்த்தார்கள்.

"யாருடா மெஷின நிறுத்தச் சொன்னது?"

"மனுசனுக்கு மூச்சு நிக்குது மொதலாளி. மெஷினு நின்னா என்ன?"

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றான் மரியசெல்வம். "இங்கயே... வந்தாத்தான் தெரியும்னு... நேத்து அந்த சிஸ்டர் சொல்லுச்சு."

"எல்லாருமே போவோம்," என்றாள் கமர்ஜஹான். "எல்லாருக்குந்தான் இழுக்குது. தூசிய வெளிய இழுக்குற காத்தாடி மாட்டுனாத்தான் மொதலாளி இனி இந்த மெஷினு ஓடும்."

"இன்னைக்குப் போறவுக நாளைக்கு வர வேணாம்."

அழகர் வாசலில் நின்ற கைவண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டே சொன்னான்: "நாளைக்குச் செவ்வாய்க்கெழம மொதலாளி. இன்னும் நல்லா மூச்சு விட்டுப் பேசுவோம்."

சாக்கை விரித்து மரியசெல்வத்தை வண்டியில் உட்கார வைத்தார்கள். அழகர் இழுத்தான். பெண்கள் இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். அடுத்த கழிவுப் பஞ்சு ஷெட்டின் வாசலில் மூவர் நின்று பார்த்தார்கள். என்னவென்று கேட்டார்கள். கமர்ஜஹான் சொன்னாள். அவர்களில் ஒருவர் திரும்பி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடி வண்டியோடு நடந்தார். மற்ற இருவரும் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வரிசை நீளமாக இருந்தது. பாதி தூரம் நகர்வதற்குள், ஆவுடையப்பன் ஷெட்டைப் பூட்டிவிட்டார் என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் வந்து சொன்னார்.

"பூட்டட்டும்," என்றான் அழகர். "திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்?"

சிரித்தார்கள். ஆனால் முனீஸ்வரியின் கை வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. நாளைக்கு உலை எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரியாது.

சீட்டு கொடுக்கிறவர் தலை நிமிராமல் கேட்டார். "பேரு?"

"மரியசெல்வம்."

"எந்த ஊரு?"

அவன் கமர்ஜஹானைத் திரும்பிப் பார்த்தான்.

"திண்டுக்கல்லு," என்றாள் கமர்ஜஹான்.

"சொந்த ஊரக் கேட்டேம்மா."

"அதான் சொல்றோம்ல," என்றாள் முனீஸ்வரி. "இந்த ஊருதான். இவரு எங்க ஆளு."

சீட்டு கைக்கு வந்தது. முனீஸ்வரியின் முறை வந்தபோது அதே கேள்வியைக் கேட்டார். நெய்க்காரப்பட்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"திண்டுக்கல்லு. பஞ்சு ஷெட்டுல வேல. அதையும் எழுதிக்கங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"அடுத்து. எந்த ஊரு?"

"திண்டுக்கல்லு."