ஸ்கேனருக்கு அரைப்பேர்

ஒன்பது இருபதுக்கு வர வேண்டிய உக்குவளை பஸ் பத்தரையாகியும் வரவில்லை.

நோபர்ட், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் நின்று ரோட்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த பஸ்ஸில் மரிய கொறற்றி இருந்தாள். மரிய கொறற்றியின் தலைக்குள் பதில் இருந்தது. ஒன்றரைப் பக்கப் பதில். மூன்று வாரமாகப் பாடமாக்கிக் கொடுத்திருந்தான்.

"பஸ்ஸ ஆமி செக்பொயின்ட்ல நிப்பாட்டிட்டாங்களாம் சேர்" என்றாள் அவனிடம் படிக்கும் மார்ஜரி. "எல்லாரையும் இறக்கி விசாரிக்கிறாங்களாம்."

"இவ எதுக்கு நேத்து உக்குவளைக்குப் போனா?"

"சித்தி வீட்டில சப்பாத்து இரவல் வாங்க. பெரிய ஆள் முன்னாடி வெறுங்காலோட நின்னு பதில் சொல்ல மாட்டாளாம்."

பெரிய ஆள் என்பது ஜைனுதீன். மாத்தளையில் ஒரு கணினி நிலையத்தின் அலுவலர். போன வருஷம், 2006இல், எல்கடுவைத் தோட்டத்துக்கு ஒரு கம்பியூட்டர் கொடுத்தது அந்த நிலையம்தான். பகலில் பிள்ளைகள் தூங்கும் அறையில் ஒரு மூலையைத் தடுத்து அதை வைத்தார்கள். தேயிலைக் கொழுந்து குறைந்த மாதங்களில், செவ்வாய் தோறும் இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகலாம் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். ஒன்பது பெண்கள் வந்தார்கள். நோபர்ட்தான் மாஸ்டர்.

இப்போது உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடம் அந்தக் கம்பியூட்டரைக் கேட்டது. லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு அது எதற்கு என்று யாரோ நிலையத்துக்கு எழுதியும் போட்டார்கள். ஜைனுதீன் நேரில் வந்து படிக்கிறவர்களில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்தால் கம்பியூட்டர் இருக்கும். வராவிட்டால் மாலையில் வேன் வரும்.

கேள்வி முன்கூட்டியே கடிதத்தில் வந்திருந்தது. யூ.எஸ்.பி. வயரில் ஒரு கருவியைச் சொருகியதும் கம்பியூட்டர் அதை எப்படி அடையாளம் காண்கிறது? ஜைனுதீன் ஒரு பயிற்சிக்குப் போனபோது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அன்று அவருக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அதையே கேட்டுவந்தார்.

பஸ்ஸுக்கு முன்னால் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அதே செக்பொயின்ட்தான். அலுவலக அட்டையைக் காட்டியதும் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே ஒன்பது கதிரைகளில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகப் போட்ட, கைப்பிடி வைத்த கதிரையில் ரபாயேல் கங்காணி இருந்தார். தோட்டத்தின் சார்பில் ஒருவர் சாட்சிக் கையொப்பம் வைக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. தொரை அவரை அனுப்பியிருந்தார்.

ரபாயேலுக்கு இந்த வகுப்பு பிடிக்காது. காலை ஆறு மணிக்குப் பிரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது அவர் வேலை. ஒவ்வொரு பேரையும் ஒரே தரம்தான் கூப்பிடுவார். தொண்டைக்குத் தோட்டம் தனியாகச் சம்பளம் தருவதில்லை என்பார். உடனே குரல் வராவிட்டால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் அரைப்பேர் விழும். முழுநாள் உழைத்தாலும் அரைநாள் சம்பளம்தான். அன்று காலை அப்படி அரைப்பேர் வாங்கியவள் சூசையம்மா. மழைக்குத் தலையில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டிருந்ததில் அவளுக்குக் காது கேட்கவில்லை.

சூசையம்மா வகுப்புக்கு வந்ததே கதிரைக்காகத்தான். கொழுந்து பறிக்கிற ஒருத்தியை உட்காரச் சொல்லுகிற இடம் அந்தத் தோட்டத்தில் வேறு இல்லை. ஆனால் உட்கார்ந்தால் பேசுவாள். நோபர்ட் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் "அப்ப இது பிரட்டு மாதிரியா சேர்?" என்று கேட்பாள். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது. இன்றைக்கு மட்டும் பிரட்டு என்ற சொல்லே வரக் கூடாது என்று நேற்று அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டிருந்தான்.

ஜைனுதீன் கேள்வியை வாசித்தார். "யாரு சொல்றீங்க?"

"சொல்ல வேண்டிய பிள்ளை பஸ்ஸில இருக்கு சேர்" என்றான் நோபர்ட். "ஒரு கால் மணித்தியாலம்..."

"எட்டுப் பேர் இருக்காங்களே, தம்பி."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ரபாயேல் தொண்டையைச் செருமினார்.

"சூசையம்மாகிட்ட கேளுங்க ஐயா. பிரட்டுல இவங்க வாய் ஓயாது. படிச்சத இங்க கொட்டட்டும்."

சூசையம்மா நோபர்ட்டைப் பார்த்தாள். அப்புறம் கங்காணியைப் பார்த்தாள். கங்காணியைத்தான் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தாள்.

"உக்காந்துக்கிட்டே சொல்லலாங்களா?"

"சொல்லுங்க அம்மா."

"கம்பியூட்டருதான் கங்காணி" என்றாள்.

நோபர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"வயரைச் சொருகினா, பிரட்டுக் களத்துக்குப் புது ஆளு வந்து கையத் தூக்கின மாதிரிங்க. வலது கையத் தூக்கினா வெரசான ஆளு. இடது கையத் தூக்கினா மெதுவான ஆளு. மவுஸு இடது கை."

"அப்படியா தம்பி?"

நோபர்ட் கண்ணைத் திறந்தான். "வயருக்குள்ள தகவலுக்கு ரெண்டு கம்பி இருக்கு சேர். எந்தக் கம்பி உயருதுன்னு பார்த்துத்தான் வேகத்த..." நிறுத்தினான். "ஆமா சேர்."

"உடனே கங்காணி அவனப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குவாரு. பழைய தோட்டத்து நெனப்பெல்லாம் மறந்து போகணுமில்ல."

"பிறகு பேர் கேப்பாரு?" என்றார் ஜைனுதீன்.

"பேரெல்லாம் பொறகுங்க. வர்ற புது ஆளு எல்லாருக்கும் நம்பர் சைபர். சைபர்னு கூப்பிட்டா ஒருத்தன்தான திரும்பணும்? அதனால ஒருத்தன் வேல முடியிற வரைக்கும் அடுத்தவன் வெளிய நிக்கணும். அவனுக்குச் சொந்தமா ஒரு நம்பர் குடுத்த பொறகுதான் அடுத்த சைபர். நூத்தி இருபத்தேழு வரைக்கும் நம்பர் போகும். அதுக்கு மேல தோட்டம் தாங்காது."

"இங்க யாரும் சைபர் இல்ல" என்றார் ரபாயேல்.

"நாங்க அப்படி யாரையும் சொல்லாமத்தான் இருந்தோம் கங்காணி" என்றாள் மார்ஜரி.

ஜைனுதீன் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தார். "சரி. நம்பர் குடுத்தாச்சு. பிறகு?"

"பொறகுதான் விசாரண. எந்தத் தோட்டத்து ஆளு, என்ன ரகம், செடியக் கவ்வாத்து வெட்டுவியா, கொழுந்து எடுப்பியா, எவ்வளவு சாப்பிடுவ."

"சாப்பாடா?"

"கரண்டுங்க ஐயா."

"அவன் வேல தெரியும்னு சொன்னாப் போதுமா?"

"எப்படிங்க போதும்? அவன்கிட்ட வேல வாங்கத் தெரிஞ்ச ஆளு உள்ள இருக்கணும். கவ்வாத்துக்காரனக் கொண்டு போய்க் கொழுந்துக் கணக்கப்பிள்ளைகிட்ட விட்டா ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு நிப்பாங்க."

"டிரைவர்னு ஒரு மென்பொருள் சேர்" என்றான் நோபர்ட். அவன் குரலில் உயிர் வந்திருந்தது.

"எல்லாம் சரி, போ வேலைக்குன்னு சொல்ற வரைக்கும் அவனுக்கு அரைப்பேர்தான். சொன்ன பொறகுதான் முழுப்பேர்." சூசையம்மா கொஞ்சம் யோசித்தாள். "அரைப்பேருன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உள்ளதச் சொன்னா அஞ்சில ஒண்ணுதான். நம்ம தோட்டத்தில கூட அவ்வளவு அநியாயம் இல்ல."

யாரோ சிரித்தார்கள். ரபாயேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

ஜைனுதீன் எழுதி முடித்தார். எழுதியதைத் தானே ஒரு தரம் வாசித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி அவருக்கு விளங்கியது போலிருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய ஸ்கேனரை எடுத்தார்.

"வாயால சொன்னது நல்லம். இத சொருகி, வகுப்பு வரவுப் புத்தகத்தப் படமெடுத்துக் காட்டுங்க. டிரைவர் சீடியும் இருக்கு."

நோபர்ட் சீடியைப் போட்டு முடித்தான். கம்பியூட்டரின் முன்பக்க ஓட்டைகளில் பிள்ளைகள் எப்போதோ சோறு திணித்திருந்தார்கள். வேலை செய்தது பின்னால் இரண்டுதான். ஒன்றில் விசைப்பலகை. மற்றதில், ஒரு ஓட்டையை நாலாக்கும் சின்னப் பெட்டி. அதில் மவுஸும் பிரிண்டரும் இருந்தன. ஸ்கேனரையும் அதிலேயே சொருகினான்.

ஸ்கேனரின் விளக்கு ஒரு தரம் மின்னி அணைந்தது. திரையின் மூலையில் மஞ்சள் பெட்டி வந்தது. ஏதோ போதாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நோபர்ட் கழற்றித் துடைத்துச் சொருகினான். மஞ்சள் பெட்டி. ஊதிச் சொருகினான். மஞ்சள் பெட்டி. கொறற்றிக்குப் பாடமாக்கிய ஒன்றரைப் பக்கத்தில் மஞ்சள் பெட்டி இல்லை.

ஜைனுதீன் மணிக்கூட்டைப் பார்த்தார். "உக்குவளைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இதெல்லாம் சரி பண்ண ஒரு கரண்டுக்காரர் இருக்காரு" என்றார். பேனாவை மூடினார்.

"சேர், அத எதில சொருகினீங்க?" என்றாள் சூசையம்மா.

"இந்தப் பெட்டியில."

"அதான். அது சில்லறைக் கங்காணி."

ரபாயேல் திரும்பிப் பார்த்தார். பெரிய கங்காணிக்குக் கீழே ஏழெட்டு ஆளை மேய்க்கிறவன் சில்லறைக் கங்காணி. அவரே அப்படி இருந்து வந்தவர்தான்.

"பெரிய கங்காணி அவனுக்குக் குடுக்கிறதே ஒரு முழுப்பேர். அவன் தானும் தின்னு, கீழ இருக்கிற நாலு பேருக்கும் பிச்சுக் குடுக்கணும். இந்தப் புது ஆளு முழுப்பேர் கேக்கிறான். சில்லறை எங்க போவான்? பெரிய கங்காணிகிட்ட நேரா நிறுத்துங்க சேர். விசைப்பலகைக்குத் தீனி கம்மி, அதத் தூக்கிச் சில்லறைகிட்ட போடுங்க."

நோபர்ட் விசைப்பலகையைக் கழற்றிப் பெட்டியில் சொருகினான். ஸ்கேனரைப் பின்னால் நேராகச் சொருகினான்.

விளக்கு மின்னியது. அணையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பச்சை வெளிச்சம் வரவுப் புத்தகத்தின் அடியில் மெதுவாக நடந்து போனது. திரையில் போன வாரம் போட்ட ஒன்பது பேரின் கையெழுத்தும் வந்தது. சூசையம்மாவின் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

அப்போதுதான் மரிய கொறற்றி ஓடிவந்தாள். சப்பாத்து கையில் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "யூ.எஸ்.பி. கருவியொன்று இணைக்கப்படும்போது..." என்று ஆரம்பித்தாள்.

"உக்காரு புள்ள" என்றாள் மார்ஜரி. "எல்லாம் முடிஞ்சிருச்சு. ஏன் இவ்வளவு நேரம்?"

"மூணு தரம் பேர் கேட்டாங்க. மூணு தரமும் சொன்னேன். நம்பவே இல்ல." உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

ஜைனுதீன் மறுபடி பேனாவைத் திறந்தார். "கடைசியா ஒண்ணு அம்மா. கூப்பிட்டும் பதில் வராட்டி?"

"கம்பியூட்டரு திரும்பக் கூப்பிடுங்க. உலுக்கிட்டு இன்னொரு தரம். அப்பவும் இல்லாட்டி மறுபடி. மூணு தரமாவது பாத்திட்டுத்தான் இது யாருன்னு தெரியாதுன்னு எழுதும்."

அதையும் எழுதினார். தாளை ரபாயேலின் மடியில் வைத்தார்.

"இந்தம்மா பிரட்டு முறையிலதான் விளங்கப்படுத்தினாங்க. எனக்குப் பிரட்டு தெரியாது. சொன்னதெல்லாம் சரியான முறைதான்னு நீங்க ஒப்பம் வச்சாக் கம்பியூட்டர் இங்கயே இருக்கும். சரியில்லாட்டிச் சொல்லுங்க, வேனுக்கு அறிவிக்கிறேன்."

ரபாயேல் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். அப்புறம் தள்ளிப் பிடித்தார். வேன் வந்தால் தொரை ஏன் என்று கேட்பார். நோபர்ட் வரவுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

கங்காணி ஒப்பம் வைத்தார். பெரிய ஒப்பம்.

ஜைனுதீன் தாளை மடித்துப் பையில் போட்டார். ஸ்கேனரைக் கழற்றினார். எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பி வளைவில் மறைந்த பிறகு ரபாயேலும் எழுந்து தொப்பியை எடுத்தார்.

சூசையம்மா கதிரையை விட்டு எழவில்லை.

"காலைல என்னைய ஒரு தரம்தான் கூப்பிட்டீங்க. மிச்சம் ரெண்டு தரம் எப்பக் கூப்பிடப் போறீங்க, கங்காணி?"