கிழங்கு அப்பளத்துக்கு விழுந்த சாப்பு

பஞ்சாலைக்குத் தன் ஓரகத்தி லெட்சுமியைக் கண்டாலே ஆகாது. என்ன காரணம் என்று கேட்டால் நாளுக்கொரு காரணம் வைத்திருப்பாள். ஊரே சாக்குப் பையைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்த ஜப்பான்காரன் காலத்தில், அதே சாக்கு லெட்சுமி இடுப்பில் மட்டும் எப்படி அத்தனை எடுப்பாக நிற்கிறது? இது ஒரு காரணம். அவள் போட்ட கீரை விதை முளைக்கிறது, தான் போட்டது மண்ணோடு போகிறது. இது இன்னொன்று. அட, கொழுந்தன் பெண்டாட்டி, பின்னால் வந்த சின்னவள், அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருகிறவள் என்று கொஞ்சமாவது இரக்கம் வருமா? வராது. அந்த 'அக்கா'தான் பஞ்சாலைக்கு எரிச்சலே.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் இருவரும். மூத்தவன் மாயாண்டி, பஞ்சாலையின் புருஷன். இளையவன் சன்னாசி. கப்பலேறி வந்த தாய் தகப்பன் குளிர்க்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் மாயாண்டி. சிரம்பானை அடுத்த லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். பால்மரத்தைச் சீண்ட ஆளில்லை. அரிசி கண்ணில் படவில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்த இடமெல்லாம் மரவள்ளி. காலையில் கிழங்கு, சாயங்காலமும் கிழங்கு. அந்தக் கிழங்கை வேகவைத்து இடித்து, உப்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்து, வாழை இலையில் தட்டி, வெயிலில் காயவைத்து அப்பளமாக்கியது யார்? பஞ்சாலை. இதை எவளும் மறுக்க முடியாது. லயத்துப் பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்துத்தான் தட்டினார்கள். லெட்சுமியும்தான்.

ஆனால் லெட்சுமி அதோடு நின்றாளா? ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில், கையால் சுற்றுகிற இரும்பு உருளை மெஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். பிசைந்த மாவை அதற்குள் விட்டாள். சன்னாசி சக்கரத்தைச் சுற்ற, மறுபக்கம் மாவு ஒரே கனத்தில் துணி மாதிரி இறங்கியது. டப்பா மூடியால் அழுத்தி வெட்டினால் அத்தனையும் ஒரே வட்டம். பஞ்சாலை தட்டியதோ ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை.

துரை போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆபீஸ் கணக்கு எழுதிய கிராணி அமிர்தலிங்கம், யாழ்ப்பாணத்து மனுஷன். அவர் அந்த வட்டத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். கடித்தும் பார்த்தார். மறுநாளே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனார். அங்கே ஜப்பான்காரன் ஆபீசில் சயாமுக்கு அனுப்பச் சாப்பாட்டுச் சரக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லை தாண்டிப் போகிற எந்தச் சரக்குக்கும் ஆபீசின் சிவப்பு முத்திரை வேண்டும். தோட்டத்துப் பேச்சில் அதற்குப் பேர் சாப்பு. சாப்பு குத்தினால் மூட்டை ரயிலேறும். அது மட்டுமா? அந்தச் சரக்கைச் செய்கிற ஆம்பிளைகளுக்குக் கைப்பட்டை கொடுப்பார்கள். கைப்பட்டை கட்டியவனைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சயாமுக்கென்று லோரி ஏறிப் போனவர்களில் ஒருவன்கூட அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த லோரி என்றைக்கு வருமோ என்று லயமே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது. மாயாண்டியும் சன்னாசியும் நல்ல திடகாத்திரமான ஆட்கள். லோரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற மண்டோரின் கண் முதலில் விழுவது அவர்கள் மேல்தான். சாப்பு கிடைத்தால் இருவரும் தப்பினார்கள். இல்லையென்றால் இருவரும் போனார்கள்.

அப்படியானால் பஞ்சாலை சந்தோஷப்பட வேண்டாமா? பட்டாள், அரை நாள். அதற்குள் லயம் முழுக்க 'லெட்சுமி அப்பளம், லெட்சுமி அப்பளம்' என்று பேச்சு. சாப்பும் லெட்சுமி பேரில்தான் வருமாம். பஞ்சாலைக்கு வயிறு பற்றிக்கொண்டது.

"சொல்லிக் குடுத்தது நானு. பேரு மட்டும் அந்த மகராசிக்கு!" என்று புருஷனிடம் பொருமினாள்.

"பேரு கெடக்குது புள்ள. உசுரு தப்புதுல்ல?"

"ஒங்களுக்குத் தம்பி வீடுன்னா எல்லாமே இனிப்புத்தான்."

மாயாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டான்.

ஜப்பான்கார ஆபீசர் நேரில் வந்து கொட்டகையைப் பார்த்துத்தான் சாப்பு குத்துவான் என்று முடிவாயிற்று. அவன் வருவதற்கு முதல் நாள் காலையில், குழாயடியில் நின்ற பஞ்சாலையைப் பார்த்துக் கிராணி சைக்கிளை நிறுத்தினார்.

"லெட்சுமி எங்க?"

"ஆத்துக்குக் கெழங்கு கழுவப் போயிருக்குங்கய்யா."

"அப்ப நீ சொல்லிவிடு. கவனமாக் கேள். போன மாசம் வேற எங்கயோ இருந்து போன சரக்கில கருவாட்டுத் தூளும் பன்றிக் கொழுப்பும் கலந்து, எல்லையில புழுத்துப் போச்சாம். இப்ப மரக்கறிச் சரக்குக்கு மட்டும்தான் சாப்பு. மீன், இறைச்சி, ரத்தம், ஒரு துளி அந்தக் கொட்டகைப் பக்கம் இருக்கக் கூடாது. பூசை எண்டு கோழி கீழி அறுத்துப் போடாதேங்கோ. விளங்குதோ?"

"வெளங்குதுங்கய்யா."

"மறக்காமச் சொல்லு. அவன்ர கையில என்ர தலையும் கிடக்கு." கிராணி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

சொல்லத்தான் நினைத்தாள் பஞ்சாலை. பொய் சொல்வானேன், லெட்சுமி ஆற்றிலிருந்து திரும்பியதும் சொல்லிவிட வேண்டும் என்றே வந்தாள். ஆனால் சாயங்காலம் சன்னாசியே அவள் வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணி, நாளைக்கு ஆபீசரு வர்றாரு. முனியாண்டிக்கு ஒரு சேவல் வெட்டறதா நேந்திருக்கேன். இரும்பு மெஷினு பாருங்க, ரத்தம் காட்டாம வேலய ஆரம்பிச்சா ஆளு கையக் கேக்கும். எங்கிட்ட கோழி இல்ல. ஒங்க செவலச் சேவலக் குடுங்கண்ணி."

தோட்டத்து வழக்கம் அது. புது மெஷினோ புது வேலையோ, எதுவானாலும் முனியாண்டிக்குச் சேவல் விழும். அந்த ரத்தத்தை உள்ளங்கையில் தொட்டு இரும்பில் அப்பிவிட்டுத்தான் கை வைப்பார்கள். சரியா தப்பா என்று அதில் எவனுக்கும் சந்தேகமே வராது.

கிராணி சொன்னது பஞ்சாலையின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பாழாய்ப்போன நேரம், அப்போது பார்த்து லெட்சுமி புருஷனுக்குப் பின்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, சாப்பு வந்ததும் ஒங்களையும் கொட்டாயில சேத்துக்கறேன்க்கா. வட்டம் வெட்டுற வேல குடுக்கறேன். ஒக்காந்துக்கிட்டே செய்யலாம், நோகாது."

சேர்த்துக்கொள்வாளாம்! வேலை கொடுப்பாளாம்! யார் யாருக்கு? அப்பளம் தட்டச் சொல்லிக் கொடுத்தவளுக்கு டப்பா மூடியைக் கையில் கொடுத்து உட்கார வைப்பாளாம்! பஞ்சாலைக்குக் காதுவரை சூடேறியது. நாக்கு நுனியில் நின்ற சொல்லை அப்படியே விழுங்கினாள். கூடையைத் திறந்து சேவலைப் பிடித்துக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்க தம்பி. நல்லபடியா வெட்டு."

"அக்கா மனசு யாருக்கு வரும்!" என்று லெட்சுமி கண் கலங்கினாள். பஞ்சப் பொழுதில் ஒரு சேவல் என்றால் சும்மாவா?

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஆம்பிளைகளையும் சாகக் கொடுக்கப் பஞ்சாலை நினைக்கவில்லை. அவள் மனசில் ஓடியது வேறு. லெட்சுமியின் கொட்டகையில் ரத்தத்தைப் பார்த்து ஆபீசர் முகத்தைச் சுளிப்பான். அந்த நேரம் பார்த்துத் தன் அப்பளத் தட்டை நீட்டினால் சாப்பு தன் பேருக்கு விழும். புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் தானே கைப்பட்டை வாங்கிக் கொடுப்பாள். லெட்சுமி வந்து கைகட்டி நிற்கட்டும். அந்த வட்டத்தை அவளே வெட்டட்டும். இந்த நினைப்பே பஞ்சாலைக்கு வயிறு நிறையச் சோறு தின்ற மாதிரி இருந்தது. ஒளித்து வைத்திருந்த கருவாட்டைத் தூர எறிந்தாள். அடுப்படியைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். இருப்பதிலேயே ஓட்டையில்லாத அப்பளமாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகை வாசலில் சேவல் விழுந்தது. சன்னாசி பயபக்தியோடு உருளையில் ரத்தக் கையை அப்பினான்.

வெயில் ஏறும்போது ஆபீசரின் மோட்டார் வந்தது. கிராணி இடுப்பு ஒடிய வளைந்து கும்பிட்டார். லயமே கூடி நின்றது. ஆபீசர் பாயில் காய்ந்த அப்பளம் ஒன்றை எடுத்து ஒடித்தான், முகர்ந்தான், தலையாட்டினான். லெட்சுமி புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஆபீசர் மெஷின் பக்கம் திரும்பினான். உருளையில் ஐந்து விரலும் பதிந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கீழே இறகு. ஆபீசர் விரலை நீட்டி ஏதோ கத்தினான். கிராணியின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

சாமி கும்பிட்டது என்று அவர் தெரிந்த நாலு ஜப்பான் வார்த்தையில் சொல்லிப் பார்த்தார். பளார் என்று விழுந்தது ஒரு அறை. அடுத்த அறை சன்னாசிக்கு.

"மாவுல ஒரு சொட்டு படலங்கய்யா! இரும்புலதானே வச்சேன்!" என்று சன்னாசி அலறினான். அதை யார் கேட்டார்கள்?

கிராணி கன்னத்தைப் பிடித்தபடி கூட்டத்தில் தேடினார். "பஞ்சாலை! நேற்றுக் காலமை உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ, கோழி அறுக்க வேண்டாம் எண்டு? நீ சொல்லேல்லையோ?"

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"மறந்துட்டேங்கய்யா," என்றாள்.

மறப்பாளா அவள்? எவள் எந்த வருஷம் ஒரு கை உப்பு வாங்கித் திருப்பித் தரவில்லை என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். மாயாண்டிக்கு அது தெரியாதா? அவளையே பார்த்தான். செவலைச் சேவலின் இறகைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

இனிப் பின்வாங்க முடியாது. பஞ்சாலை முன்னால் வந்து தட்டை நீட்டினாள். "எங்கிட்ட சுத்தமானது இருக்குங்கய்யா. எங்க அடுப்படியிலயும் கவிச்சி கெடையாது, வந்து பாக்கச் சொல்லுங்க."

கிராணிக்கு அப்போது வேறு வழியும் இல்லை. ஆபீசர் அவள் அடுப்படிக்கு வந்தான். சட்டியை முகர்ந்தான், அம்மியை விரலால் தடவிப் பார்த்தான், அப்பளத்தைக் கடித்தான். கிராணி அங்கேயே உட்கார்ந்து கடுதாசி எழுதினார். டொக் என்று சிவப்புச் சாப்பு விழுந்தது. சுத்த மரக்கறிச் சரக்கு, சயாமுக்கு அனுப்பலாம். செய்கிறவள் பேர் பஞ்சாலை. ஒரு கைப்பட்டை, அவள் புருஷனுக்கு.

"கொழுந்தனாருக்கும் ஒண்ணு கேளுங்கய்யா," என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

கிராணி கேட்டார். ஆபீசர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி இரண்டே வார்த்தை சொன்னான்.

"ரத்தம் வச்சவனும் அவன்ர மனுசியும் இந்தச் சரக்கைத் தொடவே கூடாதாம்," என்றார் கிராணி. "இனி ஒண்டும் கேக்கேலாது."

பஞ்சாலை போட்ட திட்டத்தில் இது இல்லையே! கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வந்து பார்க்கக்கூட ஒருத்தி வரவில்லை. எத்தனை நாள் ஏங்கிய பேர் அது, வந்த நேரத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

அந்த வாரமே லோரி வந்தது. மண்டோர் முதலில் கூப்பிட்டது சன்னாசியை. அவன் ஒரு சட்டியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு ஏறினான். லெட்சுமி லோரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள்.

மாயாண்டி லயத்திலிருந்து நிதானமாக நடந்து வந்தான். கைப்பட்டையை அவிழ்த்துப் பஞ்சாலையின் தோளில் போட்டான். லோரியில் கால் வைத்தான்.

"ஏய், ஒனக்குத்தான் பட்டை இருக்கே. எறங்கு லா!" என்றார் மண்டோர்.

"அது எம்பொண்டாட்டியோடது. அவகிட்டயே குடுத்துட்டேன்."

பஞ்சாலை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாங்க! நான் பாவி, தெரியாமச் செஞ்சிட்டேங்க! எறங்குங்க!"

"தெரியாமயா?" என்று கேட்டான் மாயாண்டி. "தூக்கி வளத்த புள்ளய நான் தனியா அனுப்ப மாட்டேன். கால விடு."

விட்டாள். ஆள் கணக்குக்கு ஒருவன் கூடினால் மண்டோருக்கு லாபம்தானே, அவர் லோரிப் பலகையைத் தூக்கி மாட்டினார். தம்பி நகர்ந்து அண்ணனுக்கு இடம் கொடுத்தான். லோரி சுங்கை காடுட் ரோட்டில் திரும்பி மறைந்தது.

பஞ்சாலை செம்மண்ணில் விழுந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். தூக்க ஒருத்தி வரவில்லை. கடைசியில் லெட்சுமிதான் வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எந்திரிங்கக்கா," என்றாள். "இனிமே எம்மேல வயிறு எரிய ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் சமமாப் போச்சு."