சுகிர்தத்துக்குப் பக்கத்தில்

அவித்துப் பிழிந்த காய்ந்த திராட்சைச் சாற்றை யோகமலர் வெள்ளைத் துணியில் வடித்துக்கொண்டிருந்தபோது, போதகர் வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். மாதத்தின் முதல் ஞாயிற்றுத் திருவிருந்துக்கு இருபது வருடமாக அவள்தான் சாறு காய்ச்சுகிறாள். கடைசி ஐந்து வருடமாக இரண்டு போத்தல். ஒன்று, வெள்ளிப் பாத்திரத்தில் எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் ஏழு மணி ஆராதனைக்காரருக்கு. மற்றது, ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் பிடிக்கும் ஒன்பது மணிக்காரருக்கு. பரலோகத்திலும் இவர்களுக்கு இரண்டு மேசை போடவேண்டிவரும் என்று பாடகர்குழுப் பெட்டைகள் சிரிப்பார்கள்.

"இந்த முறை ஒரு போத்தல் காணும் அம்மா. ஒரே ஆராதனை, ஒரே பாத்திரம். நீங்க குடிச்சா மத்தாக்கள் தானா வருவாங்க. நீங்க எழும்பிப் போனா, சபை இனி ஒட்டாது."

"சுகிர்தம் வருவாவா?"

"வருவா. அவவுக்குப் பக்கத்திலதான் நீங்க முழங்கால் போடணும்."

"போடுறன். எனக்கென்ன."

போதகருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "இன்னும் கோவம் இரிக்கா?"

"இரிந்தா நல்லம் ஐயா. ஒண்டுமே இல்ல."

சுகிர்தம் அவளுடைய கணவனின் தங்கை. கொரோனாக் காலத்தில் தேவாலயம் திரும்பத் திறந்த அன்று, சுகிர்தம் இருமிக்கொண்டே பாத்திரத்தில் வாய் வைத்தாள். அடுத்துக் குடித்தவன் றஜீவன், யோகமலரின் ஒரே மகன். நாலாம் நாள் காய்ச்சல். மூன்றாம் வாரம் அவன் செத்தான்; பெட்டியைத் திறக்கவிடாமல் கொண்டுபோய் எரித்தார்கள். பூ வைக்க ஒரு கல்லறையும் இல்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. தேவாலய வாசலில் வைத்து யோகமலர்தான் சொன்னாள்: "உன்ர வாயாலதான்டி என்ர புள்ள போனான்." அந்த ஒரு சொல்லோடு சபை இரண்டாகப் போனது. சொன்னவளுக்கோ அதன்பிறகு அழுகையும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. மீன் வெட்டினாள், முற்றம் கூட்டினாள், சாறு காய்ச்சினாள்.

ஞாயிறு காலை வாவிக்காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. பீடத்தின் முன் மரக்கிராதியில் இருவரும் முழங்காலில் நின்றார்கள். சுகிர்தம் மெலிந்திருந்தாள், சட்டைக் கை தொளதொளத்துக் கிடந்தது. பின்னால் எவரும் எழும்பி வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் இடப்பக்கமிருந்து பாத்திரத்தோடு வந்தார். முதலில் சுகிர்தம், அடுத்து யோகமலர்.

பாத்திரம் கிட்ட வரும்போது சுகிர்தம் எழும்பினாள். போய்விடப்போகிறாள் என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி உச்சுக்கொட்டினாள். சுகிர்தம் போகவில்லை. யோகமலரின் முதுகுப்பக்கமாகச் சுற்றிவந்து அவளுக்கு வலப்பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

"நீங்க முதல்ல குடிங்க மச்சாள். எனக்குப் பிறகு இனி உங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்க வேணாம்."

யோகமலர் அவளைப் பார்க்கவில்லை. வெள்ளி உதட்டில் குளிர்ந்தது. ஒரு மிடறு இறங்கியது. உள்ளே எதுவும் அசையவில்லை.

போதகர் வழக்கம்போல விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். சுகிர்தம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதீங்க ஐயா."

துணி அந்தரத்தில் நின்றது. யோகமலரின் உதடு பட்ட ஈரம், பிறை போல, வெள்ளி விளிம்பில் இன்னும் காயாமல் இருந்தது. சுகிர்தம் பாத்திரத்தை மெல்லத் திருப்பி அந்த இடத்தைத் தன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.