என் தொண்டையும் மருமகளின் ஏசியும்

காரில் ஏறும்போதே கறாராகச் சொல்லிவிட்டேன், ஏசி கூடாது என்று. தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வாய்மூடிக் கிடந்த பாடகன் நான். அன்று சாயங்காலம்தான் மறுபடி மேடை. கடைசிப் பாட்டில் ஓர் உச்சி இருக்கிறது. அங்கே குரல் உடைந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். குளிர்காற்று பட்டால் கட்டாயம் உடையும் என்பது என் கட்சி.

வண்டி ஓட்டியவள் மருமகள். “சரி மாமா” என்றாள்.

வெளியே மழை கொட்டியது. ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் குரலைப் பழக்க ஆரம்பித்தேன். பழக்காமல் மேடையேறினால் என் குரல் மேலே எழும்பாது. நான் பாடப் பாட முன்கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். ஒரு நொடி சாலை தெரிந்தது, மறுபடி வெள்ளை.

“துடைக்காதீங்க மாமா, கோடு கோடா ஆகுது.”

“பின்ன என்ன, வேடிக்கை பாக்கச் சொல்றியா?” என்று எரிந்து விழுந்தேன்.

“அவருக்கு மூக்கு மேல கோபம். நீ ரோட்டப் பாரும்மா” என்றாள் பின்சீட்டிலிருந்து என் மனைவி.

ரோடு எங்கே தெரிந்தது? எதிரே வந்த லாரி, ஹார்ன் காதைக் கிழித்த பிறகுதான் கண்ணில் பட்டது. மருமகள் வண்டியைச் சட்டென்று ஒடித்து ஓரமாக நிறுத்தினாள்.

“இனிமே பாடல. வண்டிய எடு” என்றேன்.

“பாடாமப் போனா மேடையில என்ன பண்ணுவீங்க?” என்றபடி ஏசியைப் போட்டாள். கூடவே ஹீட்டரையும் சிவப்பு முனை வரை திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டாள்.

“குளிரையும் சூட்டையும் ஒண்ணாப் போடுறியே, இது என்ன கூத்து?”

“நம்ம மூச்சுல வர்ற ஈரந்தான் மாமா கண்ணாடில படியுது. நீங்க பாடுறப்போ இன்னும் ஜாஸ்தி. ஏசி அந்த ஈரத்தப் பிழிஞ்சு வண்டிக்கு அடியில சொட்ட விட்டுடும். காஞ்ச காத்த ஹீட்டர் சூடாக்கி அனுப்பும். உங்களுக்குக் குளிராது, எனக்கு ரோடு தெரியும்.”

கண்ணாடியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தெளிந்தது. அந்தத் தெளிவு மெல்ல மேலே ஏறியது. காற்றில் கைவைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. ஏட்டிக்குப் போட்டி என்று நான் நினைத்த இரண்டும் அங்கே கூட்டாளிகளாக வேலை பார்த்தன. எங்கள் வீட்டில்கூட நானும் என் மனைவியும் அப்படி இருந்ததில்லை.

“காஞ்ச காத்து, அப்பப்ப ஒரு வாய் குடிச்சுக்கோங்க” என்று வெந்நீர் பிளாஸ்கை நீட்டினாள். அதையும் யோசித்து எடுத்து வந்திருக்கிறாள். இவள் கெட்டிக்காரத்தனத்துக்கு முன்னால் என் மகன் உறைபோடக் காணமாட்டான். பெருமையாக இருந்தது.

“பாடுங்க மாமா. கண்ணாடிய நான் பாத்துக்கறேன்.”

வண்டி கிளம்பியது. பயந்து பயந்துதான் தொடங்கினேன். படிப்படியாக ஏறி அந்த உச்சியைத் தொட்டேன். குரல் உடையவில்லை, மூச்சு முடியும்வரை அசையாமல் நின்றது. பாடி முடித்தபோது சாலை கடைசிவரை பளிச்சென்று இருந்தது. எனக்குத்தான் கண்ணீர் மறைத்தது.

பின்சீட்டிலிருந்து மனைவி முன்னால் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, அந்தக் கைக்குட்டைய இப்ப எடுங்க.”